பன்னிரண்டு வில்லும் ஒரு பாலிஷ்காரனும்

பாலிஷ் போட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்பியவன் நான். சின்ன வயதில் நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நாற்பது தாண்டி, மீசையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் நம்பினேன். பெங்களூர் அல்சூரில் ஒரு மரச்சாமான் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து இருபது வருடம் கட்டில், பீரோ, மேசை என்று தேய்த்தவனுக்கு அந்த நம்பிக்கைதான் பிழைப்பு. வெடிப்பா, பட்டி வை. கணுவா, சாயம் ஏற்று. இரண்டு பலகை இரண்டு நிறமா, அரக்கில் கொஞ்சம் கருப்பைக் கலந்து இரண்டையும் உடன்பிறப்பாக்கிவிடு. சம்பந்தியம்மா ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாலும் குறை தெரியாது. அதில் எனக்குத் திமிரே உண்டு.

கட்டிலில் குறை இருந்தால் கிரீச்சென்று சத்தம் போடும், அவ்வளவுதான். வில்லில் குறை இருந்தால் அது முகத்தைத் தேடி வரும். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏற நான்கு மாதமும் ஒரு வேனும் தேவைப்பட்டன.

என் வலது தோள் என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டது. கூடவே நானும். வில் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அறிவுரை என்னிடம் இல்லை. மரம் பார்ப்பது, செதுக்குவது, நாண் முறுக்குவது எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது தப்புகள்தான். அதில் முதல் தரமான ஒன்றை மட்டும் இங்கே வைக்கிறேன். சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள். நானே சிரித்துத்தான் எழுதுகிறேன்.

ஓசூர் பக்கம் அத்திபெலேயில் நம் பட்டறையில் நான் சேர்ந்தபோது மூன்றே பேர். முதலாளி மேடம்; என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒரு காலத்தில் போட்டிகளில் அம்பு விட்டவர். செதுக்குவதற்கு ரஹ்மத் பாய். பாலிஷுக்கு நான். பாயின் இடது புருவத்தை ஒரு வெள்ளைத் தழும்பு இரண்டாக வெட்டியிருக்கும். கேட்டால், "ஒரு வில்லு முத்தம் குடுத்துச்சு ஜி" என்பார்.

சேர்ந்த முதல் வாரம் மேடம் ஒரு வழக்கத்தைச் சொன்னார். செதுக்கி முடித்த வில்லைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, கயிறும் கப்பியும் வைத்துத் தூரத்தில் நின்று இழுத்துப் பார்ப்போம். அதில் தேறினால் பட்டறை ஆள் ஒருவர் கையால் இழுக்க வேண்டும். வெளியார் தொடுவது அதற்குப் பிறகுதான். பாலிஷ்காரனுக்கும் விலக்கு இல்லை. என் முறை வந்தபோது நான் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கிப்போய், வில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

"கழட்டுங்க," என்றார் மேடம்.

"சேஃப்டி மேடம்."

"பயம் இருந்தாத்தான் செஞ்ச வேலைய ஒழுங்கா பாப்பீங்க. கழட்டுங்க."

கழற்றினேன். இழுத்தேன். வில் நன்றாகத்தான் இருந்தது. உடைந்தது என் குரல் மட்டும்; "ஆச்சு மேடம்" என்று நான் சொன்னது பக்கத்து லாரி ஷெட்டில் வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

இப்போது அந்தத் தப்பு. நாம் வில் செய்வது மல்பெரி மரத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்க வளர்த்து, வயதானபின் வெட்டித் தள்ளும் மரம். அது வருடத்துக்கு ஒரு வளையம் போட்டு வளரும். வில்லின் முதுகு, அதாவது இழுப்பவனுக்கு எதிர்ப்பக்கம், நுனியிலிருந்து நுனிவரை ஒரே வருடத்து வளையமாக இருக்க வேண்டும். நடுவில் கணு வந்தால் அந்த வளையம் கணுவின் மேல் ஏறி இறங்கும்; வில்லும் அங்கே புடைத்துக்கொண்டுதான் நிற்கும். அசிங்கமாக இருக்கும். அசிங்கமாகவே இருக்கட்டும். புடைப்பைச் சீவினால் வளையம் அறுந்துவிடும். நார் அங்கே முடிந்துபோகும். இழுக்க இழுக்க அந்த முனையிலிருந்து பிளந்துகொண்டு கிளம்பும். "முதுகுல கை வெக்காதே" என்று பாய் எனக்குச் சொன்னது ஒருமுறை இல்லை, இருபது முறை.

நான்காவது மாதம் ஒரு ரிசார்ட்டிலிருந்து பன்னிரண்டு வில்லுக்கு ஆர்டர் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி, பழைய ஈட்டி மரம்போல் கருஞ்சிவப்பில் பளபளவென்று வேண்டும் என்றார்கள். பாய் செதுக்கினார். சுவரில் இழுத்தாயிற்று, கையால் இழுத்தாயிற்று, பன்னிரண்டும் தேறின. பிறகு என் மேசைக்கு வந்தன. அதில் ஒன்றுக்கு மேல்பாதியில் கொய்யாக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. இருபது வருடம் கட்டில் தேய்த்த கண்ணுக்கு அது முகத்தில் மரு மாதிரி. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மேடமும் பாயும் சாப்பிடப் போன நேரத்தில் தேய்க்கும் மெஷினைப் போட்டுவிட்டேன். கொஞ்சம்தான் என்று ஆரம்பித்தேன். அப்புறம் உப்புத்தாள். அப்புறம் சாயம். அப்புறம் அரக்கு, ஒன்பது பூச்சு. பிடிக்குப் பக்கத்தில் பாய் பென்சிலால் எழுதியிருந்த எண்களைக்கூட அழுக்கு என்று எல்லா வில்லிலும் தேய்த்து எடுத்துவிட்டேன். முடித்து வரிசையாகச் சாய்த்து வைத்தபோது, ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு குழந்தைகள். நின்று பார்த்து ரசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

வில் எடுத்துப் போக ரிசார்ட் வேன் வந்த அன்று மேடம் மரம் பார்க்க ஓசூர் போயிருந்தார். வேனோடு வந்தது ஷோபா. அந்த ரிசார்ட்டில் விருந்தாளிகளுக்கு அம்பு விடக் கற்றுக்கொடுக்கும் பெண், ஒக்கலிபுரத்துக்காரி. பத்து நாள் முன்பு ஒருமுறை வந்து, பாலிஷ் போடாத வில்களை எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். டிரைவர் மஞ்சு பன்னிரண்டையும் வேனில் அடுக்கினான். ரசீதில் கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள்.

"அண்ணா, அந்தப் புடைப்பு வில்லு எது?"

"எந்தப் புடைப்பு?"

"மேல கொய்யாக்கா மாதிரி ஒண்ணு இருந்துச்சே. இழுத்தா அவ்ளோ சாஃப்டா இருந்துச்சு. அத எனக்குன்னு வெச்சுக்கப் போறேன். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

வேனின் பின்கதவைத் திறந்து ஒவ்வொரு வில்லின் முதுகிலும் விரல் ஓட்டினாள். பன்னிரண்டிலும் ஓட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"காணோமே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது... பாலிஷ்ல அமுங்கிடுச்சு மா."

ஷோபா நம்பிவிட்டாள். சில பேருக்குப் பெரியவர்கள்மேல் அநாவசியமான மரியாதை. ஆனால் உள்ளே செதுக்கிக்கொண்டிருந்த உளி நின்றது. பாய் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"மரம் அமுங்குமா, பாலிஷ்?"

"லேசா, பாய்."

"எவ்ளோ தேச்சே?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கணு போற வரைக்கும்."

பாய் புருவத்தைச் சொறிந்துகொண்டார். அந்தத் தழும்பை.

"சரி விடுங்க அண்ணா," என்றாள் ஷோபா. இரண்டு பேரும் ஏதோ தொழில் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். "எது என்னான்னு நாளைக்குத் தெரிஞ்சிடப் போகுது. கெஸ்ட்டுங்க தொடறதுக்கு முன்னாடி பன்னெண்டையும் நான்தான் இழுப்பேன்."

சொல்லிக்கொண்டே நாணை இழுப்பதுபோல் கையை உதட்டோரம் கொண்டு போனாள். அவள் இழுத்தால் நாண் வந்து நிற்கும் இடம் அது. வில்லின் மேல்பாதி நிற்கும் இடம் நெற்றிக்கு நேரே.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் செய்த வீரச் செயல்களைச் சொல்கிறேன். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்து இன்னொரு சொம்பு குடித்தேன். ஷோபாவுக்கு டீ சொன்னேன், அவள் வேண்டாம் என்றாள், மறுபடியும் சொன்னேன். மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன். மழை வந்தால் வேன் எப்படி நிற்கும் என்று யோசிக்கவில்லை. வெயில் கொளுத்தியது. மஞ்சு வண்டியைக் கிளப்பிவிட்டு, பின்கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க இறங்கிப் போனான்.

எனக்கு வேன் ஓட்டத் தெரியாது. ஆனால் உள்ளே ஏறிக் கதவைப் பூட்டத் தெரியும். ஏறினேன். எஞ்சினை அணைத்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். இரண்டு பக்கமும் பூட்டினேன்.

மஞ்சு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். "ஏன் சார், ஹுச்சா நீவு?" பைத்தியமா என்று கேட்கிறான். அந்த நேரத்துக்கு நியாயமான கேள்விதான்.

"ஷோபா," என்று கண்ணாடியை நான்கு விரல் இறக்கிக் கத்தினேன். "இந்த வண்டி போகாது. இதுல ஒரு வில்லு உன் மூஞ்சில உடையும். எந்த வில்லுன்னு எனக்கே தெரியல."

நடந்ததைச் சொன்னேன். வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, வியர்வை வழிய, நான்கு விரல் இடைவெளியில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஷோபாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"இப்ப சொல்றீங்களே அண்ணா! நாளைக்குக் காலைல ஐம்பது பேர் வர்றாங்க. வில்லு இல்லாமப் போனா என் வேலை போயிடும். சுவத்துல மாட்டி இழுத்துப் பாத்திடலாம், எது உடையுதோ அதுதான்."

"இன்னிக்கி உடையாது மகளே," என்றார் பாய். "நாளைக்கு உடையும். இல்ல, பத்து நாள் பொறுத்து உடையும். எனக்கு இருபத்தெட்டாவது நாள்."

"எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாத்தான் தெரியும்," என்றேன். "அரக்கு போனா வளையம் தெரியும்."

அவள் போனில் மேனேஜரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். கேட்டு முடிக்கும்வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை.

"யார்ரீ அது? ஓனரா?"

"இல்ல சார். பாலிஷ் போடறவன்," என்றேன் கண்ணாடி இடைவெளி வழியாக.

"பாலிஷ் போடற ஆளா நம்ம வண்டிய நிறுத்தறது?"

"ஆமா சார். வில்லைக் கெடுத்ததும் அதே ஆளுதான்."

"ஆர்டர் கேன்சல் பண்ணிடுவேன், கொத்தா? தெரியும்ல?"

"பண்ணுங்க சார். போலீஸ்ல சொல்லணும்னாலும் சொல்லுங்க. ஸ்டேஷன் பக்கத்துலதான். வண்டி மட்டும் போகாது."

இதைச் சொன்னபோது என் குரல் கம்பீரமாக இருந்தது. வாழ்நாளில் எந்த முதலாளியிடமும் அப்படிப் பேசியவன் இல்லை நான். பேசிய பிறகு நிறுத்த மனம் வரவில்லை. கட்டில் கடையில் இருபது வருடம் விழுங்கியதெல்லாம் அன்றைக்கு வெளியே வரப் பார்த்தது.

மேனேஜர் ஷோபாவிடம் திரும்பினார். "ஷோபா, இழுக்கப் போறது நீங்கதானே? சும்மா ஒரு டெமோ. மெதுவா இழுங்க. ஒண்ணும் ஆகாது."

அவள் போனைப் பார்த்தாள். பாயின் புருவத்தைப் பார்த்தாள். வேனைச் சுற்றி நடந்து வந்து, மறுபக்கக் கதவைத் தட்டினாள். திறந்தேன். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளே கதவைப் பூட்டினாள்.

"நான் இழுக்க மாட்டேன் சார்," என்றாள் போனில். "மெதுவாவும் இழுக்க மாட்டேன். நீங்க வேணா வந்து இழுங்க."

வெளியே மஞ்சு தலையில் கை வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டான். கடைசியில் மேனேஜர், "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எத்தன இருக்கோ அத்தன அனுப்புங்க. இல்லேன்னா நீங்களும் வராதீங்க," என்று வைத்துவிட்டார்.

பாய் போனில் விஷயத்தைச் சொல்லி, மேடம் ஓசூரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நாங்கள் பன்னிரண்டையும் இறக்கி மேசையில் பரப்பியிருந்தோம். என்னைத் திட்டுவார் என்று மூன்று விதமான மன்னிப்புகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தனை?"

"ஒண்ணு மேடம்."

"நிச்சயமா?"

"என் கையால பண்ணது எனக்குத் தெரியாதா மேடம்?"

அவர் ஒரு துணியை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தார். நாலு பேரும் துடைத்தோம். ஒன்பது பூச்சு அரக்கு கருப்புச் சேறாக இறங்கி வந்தது. என் வாழ்நாளின் சிறந்த வேலை, கந்தல் கந்தலாக வாளியில். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஐந்தாவது வில்லில் இருந்தது. மேல்பாதியில், வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அறுபட்டு, மாநகராட்சி ரோட்டில் தோண்டி மூடிய குழி மாதிரி ஒரு வட்டம்.

"இதான்!" என்று குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். "கண்டுபிடிச்சாச்சு! மிச்சம் ஏழும் பாலிஷோட அப்படியே இருக்கு, மேடம். மணி நாலுகூட ஆகல. துடைச்ச நாலுக்கும் எண்ணெய் தடவிடலாம். பதினொண்ணு போகுது, ஷோபா வேலையும் தப்பிச்சுது."

புதிதாக வந்தவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போலீஸையே கூப்பிடு என்று சவால் விட்டவன் இவன். தப்பை ஒத்துக்கொண்டதில் அவனுக்கு அவ்வளவு பெருமை வந்துவிட்டது. அந்தப் பெருமையில், மிச்சத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று அவனே முடிவு கட்டிவிட்டான். பளபளவென்று இருந்த ஏழையும் கையில் எடுத்து வேனுக்கு நடக்கவும் தொடங்கிவிட்டான்.

ஷோபா வாசலில் குறுக்கே நின்றாள்.

"வெச்சிடுங்க அண்ணா."

"கெடைச்சிடுச்சே மா!"

"அமுங்கிடுச்சுன்னு சொன்னதும் நீங்கதான்."

பாய் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மேடம் சிரிக்கவில்லை; இன்னொரு துணியை நனைத்து ஷோபாவிடம் கொடுத்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை செய்த பிறகும் நம்பவில்லையே என்று. முணுமுணுத்துக்கொண்டேதான் மறுபடி உட்கார்ந்தேன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது சுத்தம். ஒன்பதாவதும் சுத்தம். "நான் சொன்னேன்ல?" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.

பத்தாவது வில்லின் கீழ்ப்பாதியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, இன்னொரு வட்டம் அறுபட்டிருந்தது. தேய்த்தது என் கைதான். பட்டறையில் மெஷின் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். எப்போது தேய்த்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

மீதிப் பத்து வில்லும் பாலிஷ் இல்லாமல், வெறும் எண்ணெய் தடவி, கணுவும் புடைப்புமாக ஐந்தரை மணிக்கு வேனில் போயின. ஷோபாவும் போனாள்.

மறுநாள் அறுபட்ட இரண்டையும் சுவர்க் கொக்கியில் மாட்டிக் கயிற்றால் இழுத்தோம். நான் ஒத்துக்கொண்ட வில் நூறு இழுப்புக்கும் உடையவில்லை. எனக்கு நினைவில்லாத வில் நான்காவது இழுப்பில் உடைந்தது.